இருபத்துநான்கு போல்ட்டுகள்

2019 நவம்பர் 14, வியாழக்கிழமை, காலை ஏழு மணி நாற்பது நிமிடம். தூறல், காற்று இல்லை, வெளிவெப்பம் இருபத்திரண்டு டிகிரி, ஈரப்பதம் தொண்ணூற்றொன்று. இவ்வளவையும் பதிவேட்டின் முதல் வரியில் எழுதிச் சுருக்கொப்பமிட்ட பிறகுதான் அவள் நனைந்த குடையை மடக்கினாள். குடையை முதலில் மடக்கிவிட்டு எழுதியிருக்கலாம். தரையாவது நனையாமல் இருந்திருக்கும். ஆனால் அந்த ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த பதினோரு ஆண்டுகளில் ஒரு நாளும் அவள் வேறு எந்த வேலையையும் அந்த வரிக்கு முன்னால் செய்ததில்லை. அன்று நேர்ந்த ஒரே மாற்றம், எழுதும்போது ஏதோ ஒரு மெட்டை அவள் முணுமுணுத்தது. அதைக் குறிக்கப் பதிவேட்டில் இடமில்லை.

மகிழ்ச்சிக்குக் காரணம் இருந்தது. சேர்த்து வைக்கப்பட்ட இரண்டு பொருள்கள் எவ்வளவு காலம் சேர்ந்தே இருக்கும் என்று சோதித்துச் சொல்வது அவள் தொழில். அப்போது அவள் மேசையில் இருந்தது ஒரு நடைபாலத்தின் இணைப்பு. ஆறு மணி நேரப் பயணத் தொலைவில், ஓர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில், இரும்பு உத்திரங்களின்மேல் முப்பத்தாறு ஃபைபர் பலகைகளைப் பதித்துப் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பலகையும் உத்திரமும் தொடும் இடத்தில் பசை. பசைக்குத் துணையாகப் போல்ட்டு. சுமையை முதலில் ஏற்பது பசை. போல்ட்டு கிட்டத்தட்டச் சும்மாதான் இருக்கும். பசை சோர்ந்துபோகும் நாள் ஒன்று வந்தால், அன்றைக்குத்தான் அதன் வேலை தொடங்கும். அந்த நாள்வரை அதன் இறுக்கம் தளராமல் இருக்குமா என்பதே கேள்வி. போல்ட்டின் தலைக்கடியில் ஃபைபர் பலகை, வெயிலிலும் ஈரத்திலும், கண்ணுக்குத் தெரியாத அளவில் நசுங்கிக்கொண்டே போகும். அது நசுங்க நசுங்க இறுக்கம் குறையும்.

ஆகவே ஆறு மாதிரி இணைப்புகள் செய்யப்பட்டன. ஒன்றுக்கு நான்கு போல்ட்டு, மொத்தம் இருபத்துநான்கு. ஒவ்வொரு நட்டின் அடியிலும் இறுக்கத்தை அளக்கும் ஒரு வளையம். ஐம்பது டிகிரி வெப்பமும் ஈரமும் நிறைந்த ஓர் அலமாரியில், ஸ்பிரிங்குகள் இழுத்துக்கொண்டே இருக்க, தொண்ணூறு நாள். முடிவில் எந்தப் போல்ட்டிலும் முதல் நாள் இறுக்கத்தில் நூற்றுக்கு எழுபது பங்காவது மீந்திருக்க வேண்டும். நேற்று மாலை ஆறு மணிக்குத் தொண்ணூறாம் நாள் முடிந்தது. அதுவரை மறைத்து வைத்திருந்த அலமாரி முகப்பில் மின்னிய இருபத்துநான்கு எண்களில் மிகச் சிறியது எண்பத்தொன்று.

அந்தப் பாலத்தில், தற்காலிகத் தாங்குகால்களுக்குப் பொறுப்பாளன் அவள் கணவன்.

இதை அவள் மறைக்கவில்லை. சோதனை தன்னிடம் வந்த அன்றே, உரிய படிவத்தில், உரிய கட்டத்தில் எழுதிக் கொடுத்தாள். தலைமைப் பொறியாளர் படித்துவிட்டு, "பாலத்துல வேலை செய்றவர்தானே உங்க வீட்டுக்காரர்? பாலமே அவர் இல்லையே," என்று சொல்லிக் கையெழுத்திட்டார். அவன் போய்ப் பதினான்கு மாதம். இடையில் ஏழு மாதத்துக்கு முன்பு நான்கு நாள் வந்தான். அதில் ஒன்றரை நாள் தூங்கினான். இணைப்புக்கு ஒப்புதல் கிடைக்கும்வரை பலகைகளைப் பசையிட்டுப் பூட்ட முடியாது. பூட்டும்வரை அவை தாங்குகால்களின்மேல் நிற்கும். தாங்குகால்களைக் கடலின் ஏற்றவற்றத்துக்கு ஏற்பக் காலையும் மாலையும் சரிபார்க்க வேண்டும். சரிபார்க்கக் கையெழுத்து உரிமை பெற்றவன் அவன் ஒருவன். ஒப்புதல் வந்தால் மூன்று வாரத்தில் வேலை முடியும். டிசம்பர் ஐந்தாம் தேதி அவன் வீட்டில் இருப்பான்.

பாலத்தின் மூன்றாவது தூண் அருகே மட்டும்தான் அவன் கைபேசி பிடிக்கும். அதனால் பதினான்கு மாதமாக அவன் குரலை அவள் காற்றோடு சேர்த்தே கேட்டு வந்தாள். காற்று தெற்கிலிருந்து அடிக்கிறதா, கடலிலிருந்து அடிக்கிறதா என்று சொல்லும் அளவுக்குத் தேர்ந்திருந்தாள். நேற்று மாலை அந்தக் காற்றினிடம் அவள் ஒன்று சொன்னாள். அறிக்கை எழுதும் முன் முடிவைச் சொல்லக் கூடாது என்று மற்றவர்களைக் கண்டிப்பவள் அவள்.

"பாஸ் மாதிரிதான் இருக்கு."

மறுமுனையில் காற்று மட்டும் இரைந்தது. பிறகு அவன், "மாதிரியா, பாஸா?" என்றான்.

"எண்பத்தொண்ணு."

"அப்போ என் தலகாணிக்கு உறையை மாத்தி வை," என்றான், தொடர்பு அறுந்தது.

காலையில் அவள் புறப்படும்போது நாத்தனார் சமையலறை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். கணவனின் தங்கை, கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள், அந்த வீட்டில் உரக்கச் சிரிப்பவள் அவள் மட்டுமே.

"அண்ணி, தலை வாரியிருக்கீங்க."

"தினம்தான் வார்றேன்."

"தினம் முடியைக் கட்டுவீங்க. இன்னைக்குத்தான் வாரியிருக்கீங்க. அறிக்கைக்கே இப்படின்னா, அண்ணன் வர்ற அன்னைக்குக் கோபுரம் கட்டிடுவீங்க போலிருக்கே."

ஒன்பது வயது மகள் தட்டிலிருந்து தலை தூக்காமல், "அத்தை, அப்பா வந்தா ஜன்னல் சத்தம் போடாதுல்ல?" என்று கேட்டாள்.

படுக்கையறை ஜன்னலின் மேல் கீலில் ஒரு திருகு தளர்ந்திருந்தது. காற்றடித்தால் கதவு பட்பட்டென்று அடித்துக்கொள்ளும். புறப்படும் அன்று அவன் அதைப் பார்த்துவிட்டு, "நீ தொடாதே, வந்து நான் பாத்துக்கறேன்," என்றிருந்தான். நான்கு நாள் வந்தபோது இருவருமே மறந்தார்கள். உலகத்தில் எந்தத் திருகையும் எவ்வளவு இறுக்க வேண்டுமென்று புத்தகம் பாராமல் சொல்லக்கூடியவள், அரைச் சுற்றில் தீரும் அந்தச் சத்தத்தைப் பதினான்கு மாதமாகக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். மெத்தையில் அவன் பக்கம் விழுந்திருந்த பள்ளம் மெல்ல மெல்ல எழுந்து சமமாகிவிட்டது. ஃபோம் அப்படித்தான், சுமை நீங்கினால் பழைய உருவத்துக்கு மீளும். காரணம் அவளுக்குத் தெரியும். தெரிந்ததால் பயன் ஒன்றும் இல்லை.

இனி அறிக்கை. தொண்ணூறு நாளும் அளவுகளைச் சேமித்து வந்த பதிவுப்பெட்டியை அவள் அன்றுதான் முதன்முதலாகத் திறந்தாள். சோதனை நடக்கும்போது நடுவில் யாரும் அதைப் பார்க்கக் கூடாது என்பது அவளே இட்ட விதி. நடுவில் பார்ப்பவருக்கு நடுவிலேயே ஆசை வந்துவிடும் என்பது அவள் கருத்து. எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு இருபத்துநான்கு கோடுகளும் திரையில் விரிந்தன.

கோடுகள் நூற்றில் தொடங்கின. முதல் வாரம் வேகமாகவும், பிறகு மெதுவாகவும், பிறகு மேலும் மெதுவாகவும் இறங்கின. நாற்பத்தொன்றாம் நாளில் எழுபத்துநான்கைத் தொட்டன. அங்கே, படிக்கட்டு ஏறுவதுபோல், எல்லாம் நிமிர்ந்து நூற்றுக்குத் தாவின. அங்கிருந்து மறுபடி இறங்கி எண்பத்தொன்றில் முடிந்தன.

தானாக இறுகிக்கொள்ளும் போல்ட்டை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அவள் முணுமுணுப்பை நிறுத்தினாள். அது எந்தக் கணத்தில் நின்றது என்று கேட்டிருந்தால் அவளுக்கே தெரிந்திருக்காது. நாளைப் பார்த்தாள்: செப்டம்பர் 25, புதன்கிழமை. வெப்பக் கோட்டைப் பார்த்தாள்: காலை எட்டு பத்திலிருந்து ஒன்பது வரை அலமாரியின் சூடு இறங்கியிருந்தது. கதவு ஐம்பது நிமிடம் திறந்திருந்திருக்கிறது. பதிவேட்டில் அன்றைய பக்கத்தைப் புரட்டினாள். மகளுக்குக் காய்ச்சல், பத்தரை மணிக்கு வருகை என்று அவள் கையெழுத்திலேயே இருந்தது.

அலமாரியின் சாவி அவளைத் தவிர ஒருவரிடம் மட்டுமே உண்டு. சோதனைக்கூடத்தின் மூத்த தொழில்நுட்பர்; அவரை எல்லோரும் ஸ்பேனர் அண்ணன் என்றே அழைப்பார்கள். ஐம்பத்தைந்து வயது. குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்ச் அவர் கையில் இல்லாவிட்டால் இடுப்பில் இருக்கும். உணவுக்கூட நாற்காலிகள், கழிப்பறைத் தாழ்ப்பாள், வாசலில் நிற்கும் யாருடைய வண்டியின் பக்கக் கண்ணாடி என்று கண்ணில் பட்ட எதையும் அவர் தளர்வாக விட்டதில்லை. அவரோடு கைகுலுக்கினால் மோதிரம் இறுகும் என்று அலுவலகத்தில் சொல்வார்கள்.

அவர் தேநீரோடு வந்தார். கூடவே ஒரு பொட்டலம்.

"மிட்டாய்ம்மா. தம்பி வரப்போறார்ல, அதுக்கு முன்பணம்."

"அண்ணா, செப்டம்பர் இருபத்தஞ்சு காலையில அலமாரியைத் திறந்தீங்களா?"

"புதன்கிழமையா? புதன்னா தண்ணித் தட்டு ரொப்பத் திறப்பேன்."

"தட்டு மட்டும்தான் ரொப்புனீங்களா?"

அவர் தேநீர்க் குவளையை மேசையில் வைத்தார். "ஏன், ஏதாவது கழண்டுடுச்சா?"

"ஒண்ணும் கழலல. அதான் பிரச்சினை."

அவர் திரையைப் பார்த்தார். கோடுகளை வாசிக்க அவருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. படி ஏறும் இடத்தில் விரலை வைத்தார். விரலை எடுக்க மறந்தார்.

"சும்மா கை வெச்சுப் பார்த்தேன்மா. லேசாத் தளர்ந்திருந்துச்சு. மனசு கேக்கல. ரெஞ்ச் வேற இடுப்புலயே இருந்துச்சு. குறிச்ச அளவு வரைக்கும் இறுக்கி விட்டேன்."

"தளருதான்னு பார்க்கத்தானே அண்ணா வெச்சோம்?"

"நான் இறுக்கமா இருக்கான்னு பார்க்கறதுன்னுல்ல நினைச்சேன்."

"இருபத்துநாலையுமா இறுக்குனீங்க?"

"பாதியை இறுக்கிட்டுப் பாதியை விட நான் என்ன அரைகுறை வேலைக்காரனா?"

"ஒண்ணையாவது விட்டிருக்கலாம்ணா."

அதன் பொருள் அவருக்கு விளங்கச் சிறிது நேரமாயிற்று. ஒரே ஒரு போல்ட்டைத் தொடாமல் விட்டிருந்தால் அதன் கோடு தொண்ணூறு நாளும் தடையின்றி இறங்கி உண்மையைச் சொல்லியிருக்கும். சோம்பேறி ஒருவன் அந்த அலமாரியைத் திறந்திருந்தால் அன்று அறிக்கை எழுதியிருக்க முடியும். அவர் சோம்பேறி அல்ல.

"என் தப்புன்னு எழுதிக்கோம்மா," என்றார். "இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். ஒரு தப்பு தாங்கும்."

அவள் செய்முறைத் தாளை எடுத்தாள். அவள் எழுதியது, பதினான்கு வரிகள். தண்ணீர்த் தட்டு எந்தக் கிழமை நிரப்பப்பட வேண்டும், எவ்வளவு, கதவை எத்தனை நிமிடத்துக்குள் மூட வேண்டும், கையுறை எந்த வகை என்பதுவரை எல்லாம் அதில் இருந்தன. போல்ட்டுகளைத் தொடக் கூடாது என்ற வரி இல்லை. யார் தொடப் போகிறார்கள் என்று நினைத்திருப்பாள். இருபத்தெட்டு வருடம் போல்ட்டு இறுக்கியவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு அப்படி நினைத்திருக்கிறாள்.

"பதினஞ்சாவது வரியை நான் எழுதலண்ணா," என்றாள். "உங்க தேநீர் ஆறுது."

அவர் மிட்டாய்ப் பொட்டலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வதா விட்டுப்போவதா என்று தெரியாமல் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் அதன் முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டிவிட்டு மேசையிலேயே வைத்துப் போனார்.

ஒன்பது மணிக்கு அவள் தாவலுக்கு முந்திய நாற்பத்தொரு நாளை மட்டும் பிரித்தெடுத்தாள். அந்தக் கோட்டை நீட்டிப் பார்த்தால் தொண்ணூறாம் நாளில் எங்கே போய் நின்றிருக்கும் என்று கணக்கிடலாம். அதற்கு நூல்களில் இரண்டு முறைகள் உண்டு, இரண்டும் ஏற்கப்பட்டவை, இரண்டுமே அவள் பயன்படுத்தியவை. ஒரு முறையில் எழுபத்தொன்று வந்தது. மற்றதில் அறுபத்தெட்டு.

தலைமைப் பொறியாளர் தம் கண்ணாடியின் காதுப்பிடியைக் கடித்தபடி கேட்டுக்கொண்டார். நல்ல மனிதர், அடுத்த ஆண்டு ஓய்வு, அதுவரை எதுவும் நடக்காமல் இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை இல்லாதவர்.

"எந்தக் கோடு நல்ல கோடு?"

"ரெண்டும் நல்ல கோடுதான் சார். அதான் கஷ்டம்."

"எழுபத்தொண்ணு எழுபதை விட அதிகம்மா. மூணாங்கிளாஸ்ல படிச்சது."

"அறுபத்தெட்டு குறைவு சார். அதுவும் அதே கிளாஸ்தான்."

அவர் சிரித்தார்; பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நடந்ததை அப்படியே எழுதுங்க. மறுபடி இறுக்கினது, ஏன் இறுக்கினது, எல்லாம். முடிவுல கணக்கீட்டின்படி எழுபத்தொண்ணுன்னு போடுங்க. பொய் ஒண்ணும் இல்லையே. நானும் கீழே கையெழுத்துப் போடறேன்."

"யோசிக்கறேன் சார்."

"யோசிங்க. ஆனா மூணு மணிக்குள்ள யோசிங்க. ஒப்பந்தக்காரர் ஆள் அனுப்பிட்டார். யாரைத் தெரியுமா?" அவர் கொஞ்சம் தயங்கினார். "உங்க வீட்டுக்காரரை. விடியக்காலையே கிளம்பிட்டாராம். சம்சாரத்துகிட்ட கையெழுத்து வாங்கப் புருஷனை விட நல்ல ஆள் கிடைக்குமான்னு போன்ல சிரிக்கறார். ராத்திரி ஏற்றத்துக்குள்ள அவர் அங்க திரும்பி இருக்கணுமாம். அதனால வந்த வண்டியிலேயே மூணு மணிக்குக் கிளம்பிடுவார்."

அவள் தன் இடத்துக்கு வந்தாள். கைபேசியில் அவன் செய்தி இருந்தது. வழியில் எங்கோ இறங்கி அனுப்பியிருக்கிறான். 'வந்துகிட்டே இருக்கேன். காத்து இல்லாம பேசலாம்.' வந்த நேரம் எட்டு ஐம்பத்தைந்து.

அதை அவள் இரண்டு முறை படித்தாள். மூன்றாம் முறை படிக்கவில்லை. படித்தால் எழுபத்தொன்று என்று எழுதிவிடுவாள் என்று தோன்றியது.

எழுத என்ன தடை? பென்சிலால் தாளின் ஓரத்தில் எழுதிப் பார்த்தாள். 71. சிறிய, அழகான எண். பொய்யும் அல்ல. அந்த எண்ணுக்குப் பின்னால் டிசம்பர் ஐந்து இருந்தது. வாசலில் செருப்பை விடும்போது தொண்டையைச் செருமும் பழக்கம் அவனுக்கு. வீட்டில் யாருக்கும் அது ஓர் அறிவிப்பு என்று தெரியாது, அவளுக்கு மட்டும் தெரியும். அந்தச் செருமல் இருந்தது. கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் தூங்கிப்போகும் ஒருவனின் பக்கத்தில் படுத்துப் பதிலைச் சொல்லி முடிப்பது இருந்தது. ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டதற்காகச் சண்டையிடும் உரிமை இருந்தது. பதினான்கு மாதமாக அந்த வீட்டில் ஈரத்துண்டு கொடியில் மட்டுமே தொங்குகிறது. அந்த ஒழுங்கை அவளால் தாங்க முடியவில்லை.

அவள் கணக்குத் தாளை மறுபடி எடுத்தாள். இரண்டு முறைகளில் எதை முதலில் செய்தோம் என்று பார்த்தாள். வழக்கமாக அவள் முதலில் செய்வது அறுபத்தெட்டு தந்த முறை; கடுமையானது; எந்தச் சோதனையிலும் அதில்தான் தொடங்குவாள். அன்று எழுபத்தொன்று தந்த முறையில் தொடங்கியிருந்தாள். தொடங்கிய நேரத்தையும் வழக்கம்போல் ஓரத்தில் குறித்திருந்தாள்: ஒன்பது மணி. அந்தச் செய்தி வந்து ஐந்து நிமிடம். அப்போது அதைப் படித்த நினைவுகூட அவளுக்கு இல்லை. மேசையில் கிடந்த கைபேசி ஒரு கணம் வெளிச்சமானது மட்டும் நினைவிருந்தது.

அளவி சரியில்லை என்று ஐயம் வந்தால் அளவை எழுதக் கூடாது. இது பதினோரு ஆண்டுகளாக அவள் மற்றவர்களுக்குச் சொல்லிவந்தது. அன்று சரியில்லாத அளவி அவளே.

பென்சில் எண்ணை ரப்பரால் அழித்தாள். அழித்த தூளை ஊதித் தள்ளினாள். அறிக்கையைத் தொடங்கினாள்.

பன்னிரண்டு மணி முப்பத்தைந்துக்கு வரவேற்பறையிலிருந்து அழைப்பு வந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அவன் நின்றுகொண்டிருந்தான். கறுத்திருந்தான். பெல்ட்டில், தொழிற்சாலையில் போடாத புதிய துளை ஒன்று, ஆணியால் குத்தியது, விளிம்பு பிசிறாக இருந்தது. மூன்று சென்டிமீட்டர் இளைத்திருக்கிறான் என்று அவள் கண் தன்னையறியாமல் அளந்தது.

"என்ன மேடம், ரெடியா?"

"சாப்டீங்களா?"

"இதைக் கேக்கறியா? அப்போ ரெடி இல்ல."

அவர்களுக்கிடையே ஒரு மேசையும், வருகையாளர் ஏடும், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே எதையும் பார்க்காத பாவனையில் வரவேற்புப் பெண்ணும் இருந்தார்கள். காற்று இல்லாமல் அவன் குரல் இவ்வளவு தாழ்ந்தது என்பதை அவள் மறந்திருந்தாள்.

"இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும்," என்றாள். "அதுவரைக்கும் எதுவும் கேக்காதீங்க."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். தாங்குகாலின் அடியில் மண் சற்றே இறங்கினாலும் கண்டுபிடிக்கும் கண் அது. சிரிப்பு போய்விடவில்லை, சற்றுக் கீழே இறங்கி நின்றது.

"நேத்து எண்பத்தொண்ணுன்னே."

"கேக்காதீங்கன்னேன்."

"சரி, கேக்கல." அவன் கடிகாரத்தைப் பார்த்தான். "இப்போ பள்ளிக்கூடத்துல சாப்பாட்டு நேரம்தானே? வாசல்லயே பாத்துட்டு வந்துடறேன். நீ எழுது."

அவன் போனான். ஏழு மாதத்துக்குப் பிறகு கிடைத்த இரண்டேகால் மணி நேரத்தை அவள் மூன்று பக்கங்களாக எழுதிச் செலவழித்தாள். முதல் பக்கத்தில் சோதனை. இரண்டாம் பக்கத்தில் நாற்பத்தொன்றாம் நாள் நிகழ்ந்தது. அதற்குக் காரணம், போல்ட்டுகளைத் தொடலாகாது என்ற கட்டளை செய்முறைத் தாளில் விடுபட்டமை. விட்டவர் இதன்கீழ்க் கையெழுத்திடுபவர். மூன்றாம் பக்கத்தில் முடிவு. இரண்டு கணக்கீடுகளையும், அறுபத்தெட்டை முதலிலும் எழுபத்தொன்றை அடுத்தும், எழுதினாள். அதன்கீழ்: 'இச்சோதனை செல்லாது. இணைப்புக்கு ஒப்புதல் இல்லை; மறுப்பும் இல்லை. புதிய மாதிரிகளில் தொண்ணூறு நாள் சோதனை மீண்டும் நடத்தப்படும்.' நாளை பசையிட்டால், பசை உலர ஏழு நாள். நவம்பர் 22 முதல் நாள். பிப்ரவரி 19 தொண்ணூறாம் நாள். அறிக்கை பிப்ரவரி 20. விரல்விட்டு ஒருமுறையும் நாட்காட்டியில் ஒருமுறையும் எண்ணினாள். எண்ணிக்கையில் பிழை இல்லை. இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தலைமைப் பொறியாளர் மூன்று பக்கத்தையும் நின்றபடியே படித்தார். "வீட்டுல உங்களைத் திட்ட மாட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"திட்டுவாங்க சார்."

அவர் பேனாவைத் திறந்து அவளிடம் நீட்டினார். அவள் கையெழுத்திட்டாள். கீழே அவரும் இட்டார். மை உலரத் தாளை இரண்டு முறை வீசினார். அவள் வெளியே வந்தபோது ஸ்பேனர் அண்ணன் புதிய ஃபைபர் பலகைகளைப் பசைக்காகத் தேய்த்துக்கொண்டிருந்தார். இடுப்பில் ரெஞ்ச் இல்லை. அலமாரிக் கதவில் சிவப்பு எழுத்தில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. பதினைந்தாவது வரி, அவர் கையெழுத்தில். அட்டையின் நான்கு மூலைகளையும் திருகு போட்டு இறுக்கியிருந்தார்.

இரண்டு மணி நாற்பது. அவன் வரவேற்பறை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். தூறல் விடவில்லை, வாசலில் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. அவள் எதிரே உட்கார்ந்தாள். தாள்கள் மடியில் கவிழ்ந்திருந்தன.

"பாத்தீங்களா அவளை?"

"பாத்தேன். வளந்துட்டா. பல்லு ஒண்ணு விழுந்திருக்கு, நீ சொல்லவே இல்ல."

"முந்தாநேத்துத்தான் விழுந்துச்சு. என்ன கேட்டா?"

"அப்பா எப்போ வருவீங்கன்னு கேட்டா." அவன் கைகளைத் தேய்த்துக்கொண்டான். "அம்மாகிட்ட கேளுன்னு சொன்னேன்."

வரவேற்புப் பெண் எழுந்து தண்ணீர் பிடிக்கப் போனாள். அவள் பாட்டிலில் தண்ணீர் நிறைந்தே இருந்தது.

"பிப்ரவரி இருபது," என்றாள் அவள். "அதுவும் நல்லபடியா வந்தா. அதுக்கப்புறம் மூணு வாரம்."

அவன் விரல்விட்டு எண்ணினான். பிறகு, "வியாழக்கிழமையா?" என்று கேட்டான்.

"வியாழக்கிழமை."

"போல்ட்டு தளருதா?"

"தெரியல. தெரிஞ்சுக்கற மாதிரி நாங்க சோதிக்கல. தப்பு எங்க மேல. என் மேல."

"எழுபதுக்கு மேல போட வழியே இல்லையா?"

"இருந்துச்சு."

அவன் அவளைப் பார்த்தான். கோபம் வந்ததா என்று அவள் தேடினாள், வந்து, போய்க்கொண்டிருந்தது. பதினான்கு மாதம் அந்தப் பலகைகளின் அடியில் காலையும் மாலையும் நடந்தவன் அவன்.

"நேத்து உங்ககிட்ட சொல்லியிருக்கக் கூடாது," என்றாள்.

"இல்ல. சொன்னது நல்லதுதான்." அவன் தரையைப் பார்த்துப் புன்னகைத்தான். "ஒரு நாள் முழுக்க நல்லா இருந்துச்சுல்ல?"

வாசலில் ஓட்டுநர் ஒருமுறை ஹாரனைத் தொட்டார். அவள் பெறுகை ஏட்டைத் திறந்து, வரியைக் காட்டி, பேனாவைக் கொடுத்தாள். அவன் பேனாவை வாங்கிக்கொண்டு எழுதாமல் நின்றான்.

"மேல் கீலு இன்னும் ஆடுதா?"

"ஆடுது."

"தங்கச்சி இறுக்கிடப் போறா."

"தொடக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

அவன் பெயரெழுதிக் கையெழுத்திட்டான். யாரும் கேட்காமலே அருகில் நேரத்தையும் எழுதினான்: 2:52. அவள் மூன்று பக்கங்களையும் ஒழுங்காக அடுக்கி, விளிம்பை மேசையில் தட்டிச் சமன்செய்து, இரண்டு கையாலும் அவனிடம் நீட்டினாள். அவன் மறு விளிம்பைப் பிடித்தான். அவள் விட ஒரு கணம் கூடுதலாயிற்று, பிறகு விட்டாள்.